ரவுட்டரும் ஃபயர்வாலும்: வாங்கும் முன், மாட்டிய பின் (கேள்வி-பதில்)

கேள்வி: இணைய நிறுவனமே ஒரு வைஃபை பெட்டியை வைத்துவிட்டுப் போனது. அதன் பாதுகாப்பு போதாது என்று நினைத்து, நல்ல ஃபயர்வால் உள்ள புது ரவுட்டரை வாங்கி அதன் பின்னால் இணைத்தேன். இணையம் வருகிறது. ஆனால் வெளியே இருக்கும்போது வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை. மடிக்கணினிக்குப் பிரிண்டரும் அகப்படவில்லை. புது ரவுட்டரின் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், பயனில்லை. ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ரவுட்டரில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. முதல் வேலையாக அந்த ஃபயர்வாலை மறுபடியும் ஆன் செய்துவிடுங்கள்.

நிறுவனம் வைத்த பெட்டியும் ஒரு ரவுட்டர்தான். இப்போது இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, ஆளுக்கொரு நெட்வொர்க்கை நடத்துகின்றன. வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொது முகவரியில் வெளியே போக ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றத்துக்கு நாட் (NAT) என்று பெயர். அது இரண்டு முறை நடப்பதால் இதை டபுள் நாட் என்பார்கள். பிரிண்டர் பழைய பெட்டியின் வைஃபையிலேயே இருந்து, மடிக்கணினி மட்டும் புதியதற்கு மாறியிருக்கும். கருவிகள் ஒன்றையொன்று தேடிக் கொள்ளும் அழைப்பு ரவுட்டரைத் தாண்டிப் போகாது. கேமராவின் கதையும் இதுதான். வெளி அழைப்பைக் குறிப்பிட்ட கருவிக்கு அனுப்பச் சொல்லும் போர்ட் ஃபார்வர்டிங் அமைப்பைப் புது ரவுட்டரில் மட்டும் கொடுத்திருந்தால், வெளியிலிருந்து வரும் அழைப்பு முன்னால் இருக்கும் பெட்டியிலேயே நின்றுவிடும். பின்னால் இருக்கும் ஃபயர்வாலை அணைத்து என்ன பயன்?

சரி, உறுதி செய்து கொள்வது எப்படி? புது ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் (WAN) முகவரியை, அதாவது இணையப் பக்கத்திலிருந்து ரவுட்டருக்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். அது 192.168 அல்லது 10 என்று தொடங்கினாலோ, 172.16 முதல் 172.31 வரை இருந்தாலோ, முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது என்று பொருள்.

தீர்வு இரண்டு உண்டு. பழைய பெட்டியைப் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றலாம். அப்போது அது இணைப்பை மட்டும் கொடுக்கும், ரவுட்டர் வேலை முழுவதும் புதியதிடம் வந்துவிடும். அல்லது புதியதை ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைக்கலாம். அப்போது புதியது வைஃபையை மட்டும் தரும், ரவுட்டர் வேலை பழைய பெட்டியிடமே இருக்கும். பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று: ஆக்சஸ் பாயின்ட் மோடில் புது ரவுட்டரின் ஃபயர்வால் பொதுவாக வேலை செய்யாது. நீங்கள் வாங்கியதே ஃபயர்வாலுக்காக என்பதால் உங்களுக்குப் பிரிட்ஜ் மோடுதான் சரி. பழைய பெட்டி வழியாக வீட்டுத் தொலைபேசியோ டிவியோ ஓடினால், மாற்றுவதற்கு முன் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பிரிட்ஜ் மோடுக்குப் பின் இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்படலாம். அதையும் அப்போதே வாங்கி வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு வான் முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள வரிசையில் வந்தால், சிக்கல் உங்கள் வீட்டில் இல்லை. நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள் இவை. இந்த நிலையில் எந்த ரவுட்டரை வாங்கினாலும் ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் போர்ட் ஃபார்வர்டிங் நடக்காது. தனிப் பொது முகவரி தரச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

கேமராவுக்காகப் போர்ட்டைத் திறந்து வைக்கவே வேண்டாம் என்பேன். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் உற்பத்தியாளர் போட்டுக் கொடுத்த கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்ததைப் பயன்படுத்தித்தான் உள்ளே நுழைந்தது. ரவுட்டரிலேயே விபிஎன் சர்வர் வசதி (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர மறையாக்கம் செய்த தனி வழி) இருந்தால், வயர்கார்ட் போன்ற ஒன்றை அமைத்து அதன் வழியாகக் கேமராவைப் பாருங்கள். பொது முகவரி இதற்கும் தேவைதான், ஆனால் கேமரா நேராக வெளியுலகத்துக்குத் தெரியாது. டிஎம்இசட் என்ற அமைப்பில் கேமராவைப் போடச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அது அந்தக் கருவியின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுகிறது.

கேள்வி: தனியாக ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். ரவுட்டரில் இருப்பது பெயருக்குத்தான் என்கிறார். உண்மையா?

பதில்: பெயருக்கு இல்லை. வீட்டுக்குள்ளிருந்து யாரும் கேட்காத தகவல் வெளியிலிருந்து வந்தால் தடுப்பதுதான் வீட்டு ஃபயர்வாலின் முதல் வேலை. சாதாரண ரவுட்டரே அதைச் செய்கிறது. தனிப் பெட்டி, கடந்து போகும் தகவலைத் திறந்து சோதிப்பதாகச் சொல்வார்கள். ஆனால் இன்று பெரும்பாலான இணையப் போக்குவரத்து மறையாக்கம் செய்யப்பட்டது. அதைத் திறந்து பார்க்க வேண்டுமானால் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் தனிச் சான்றிதழ் நிறுவ வேண்டும். டிவியிலும் கேமராவிலும் அது பெரும்பாலும் முடியாது.

அப்புறம், பல பெட்டிகளுக்கு ஆண்டுச் சந்தா உண்டு. கட்டாமல் விட்டால் புதிய அச்சுறுத்தல்களின் பட்டியல் வருவது நின்றுவிடும். வேகத்தையும் கவனியுங்கள்: விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது வெறும் ஃபயர்வால் வேகம். எல்லாச் சோதனைகளையும் ஆன் செய்தால் கிடைக்கும் வேகம் அதைவிட மிகக் குறைவாக இருக்கும், அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலேயே சர்வர் நடத்துபவருக்கு இது பயன்படும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்தப் பணத்தில், நீண்ட காலம் ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட் தரும் ரவுட்டரை வாங்குங்கள். பெட்டியின் மேல் ஆன்டெனா எண்ணிக்கையும் வேகமும் இருக்கும், அப்டேட் எதுவரை என்பது பெரும்பாலும் இருக்காது. வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, இத்தகைய கருவிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை என்பதை உற்பத்தியாளர் வெளியிட வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்கவும் கூடாது. நீங்கள் வேறு நாட்டில் இருந்தாலும், உற்பத்தியாளரின் பிரிட்டன் தளத்தில் அதே மாடல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மாடல் பெயரோடு வன்பொருள் பதிப்பு எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

ரவுட்டர் வந்ததும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, தானியங்கி அப்டேட்டை ஆன் செய்யுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, டபிள்யூபிஎஸ் (பொத்தானாலோ பின் எண்ணாலோ வைஃபையில் சேரும் வசதி), தேவை இல்லையென்றால் யூபிஎன்பி (கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறக்கும் வசதி), மூன்றையும் அணைத்துவிடலாம். டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாம் கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபை) இருக்கட்டும். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் இணைப்பு இருந்தால் அதற்கான ஃபயர்வால் தனியாக ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐபிவி6-இல் கருவிகளுக்கு வழக்கமாக நேரடிப் பொது முகவரி கிடைக்கும் என்பதால், நாட் தரும் தற்செயலான மறைப்பு அங்கே கிடையாது.

கேள்வி: உறவினர் தன் பழைய ரவுட்டரைத் தருகிறேன் என்கிறார். வாங்கிக் கொள்ளலாமா?

பதில்: அந்த மாடலுக்கு இன்னும் அப்டேட் வருகிறது, வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கிறது என்றால் தாராளமாக. ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு, கடைசி ஃபர்ம்வேரை நிறுவிய பின் மாட்டுங்கள். நிறுவனம் கைவிட்ட மாடல் என்றால் வேண்டாம். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்று ஃபர்ம்வேர் அதை ஆதரிக்கிறது, நிறுவவும் உங்களுக்குத் தெரியும் என்றால் மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: இணையம் அடிக்கடி நின்று நின்று வருகிறது. ஃபயர்வால்தான் காரணமா?

பதில்: அநேகமாக இல்லை. ஃபயர்வால் தடுத்தால் குறிப்பிட்ட ஒரு செயலி எப்போதுமே வேலை செய்யாது. விட்டுவிட்டு நிற்பது வேறு வகை. ஒரு கணினியைக் கேபிள் மூலம் ரவுட்டரில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் சரியாக வந்தால் சிக்கல் வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பாருங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே தரவில்லை. கேபிளிலும் நிற்கிறது, அந்த நேரத்தில் ரவுட்டர் பக்கத்தில் வான் இணைப்பும் துண்டிக்கப்பட்டதாகக் காட்டுகிறது என்றால், நேரத்தைக் குறித்து வைத்துக் கொண்டு இணைய நிறுவனத்தில் புகார் கொடுங்கள். நேரத்தோடு கூடிய பட்டியல் கையில் இருந்தால், "ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது அவர்களுக்கு எளிதல்ல.