ராக்கர் ஷாஃப்ட் ஸ்டட் இறுகாமல் சுற்றினால்

தம்பி, லேண்ட் ரோவர் வி8 எஞ்சினின் அலுமினிய ஹெட்டில், ராக்கர் ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் நெம்புகளைத் தாங்கும் தண்டு) போல்ட்டுக்குப் பதிலா ஸ்டட் (தலையில்லாமல் இரு முனையிலும் மரை உள்ள கம்பி) போட்டதில் ஒன்று மட்டும் இறுகாமல் சுற்றுது என்றீங்க. அந்தத் துளையின் மரை (திருகுவரி) போய்விட்டது. பசை ஊற்றி ஒப்பேத்தாதீங்க, துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே திருகும் கம்பிச்சுருள்) போடுங்க. அப்போது துளை கோணினால் ஹெட்டே வீண். கை நடுங்கினால் கழற்றி லேத் கடைக்குக் கொண்டுபோங்க.

மற்ற துளைகளையும் பாருங்க. சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டத்து வண்டிக்கு நான் போட்டபோது, துளை அடியில் தேங்கிய எண்ணெயைக் கவனிக்கலை. ஸ்டட் இறங்க இறங்க எண்ணெய்க்குப் போக வழியில்லை. மரையோரம் மயிரிழை விரிசல். சீனத் தவுக்கே (முதலாளி) பார்த்துச் சிரித்தது இன்னும் காதில் இருக்கு. காற்றடிச்சு, கம்பியில் துணி சுற்றி விட்டுப் பாருங்க, துணி காய்ந்தே வரணும்.

ஸ்டட்டின் பெருமரை முனைதான் (வரிகள் அகலமா உள்ள முனை) அலுமினியத்துக்குள் போகும். விரலால் அடிவரை இறக்கினால் போதும், ஸ்பானர் வேண்டாம். இறுக்கம் நட்டில்தான். வால்வு ஸ்பிரிங் ஷாஃப்டை எதிர்த்துத் தள்ளும், அதனால் நடுவிலிருந்து வெளியே, எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமா, மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை அளவு) வரை இறுக்குங்க. எஞ்சின் ஆறின பிறகு மட்டும் செய்யுங்க. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும்.