முடிவு தெரியாத ஆகஸ்ட் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இங்கிலாந்தில் வாழும் ஓய்வுபெற்ற பொறியாளன். 1977ஆம் ஆண்டு முதல், ஒவ்வொரு கால்பந்து சீசனும் தொடங்குவதற்கு முந்தைய நாள் இரவில், இங்கிலாந்து லீக்கின் மேல்மட்டப் பிரிவான முதல் டிவிஷனின் அணிகள் எந்தெந்த இடத்தில் முடிக்கும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து வருகிறேன். பின்னர் அது பிரீமியர் லீக் ஆனபோதும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. மே மாதத்தில் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். முதல் பக்கத்திலேயே, அந்தச் சீசனில் சாம்பியன் ஆன நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணியை இருபதாம் இடத்தில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எழுபதுகளின் 'தி பிக் மேட்ச்' என்ற ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் மறுஒளிபரப்பாகும்போதெல்லாம் தவறாமல் பார்த்துவிடுவேன். அண்மையில் என் மகள், "அப்பா, முடிவு தெரிந்த ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கிறீர்கள், யாருக்கும் தெரியாத முடிவை எழுதிவைக்கிறீர்கள், இரண்டாலும் என்ன பயன்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல இயலவில்லை. இந்த ஆண்டோடு நோட்டை மூடிவைத்துவிடலாமா என்று எண்ணுகிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

நோட்டை மூட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. முடிவு தெரிந்ததைப் பார்ப்பதும் முடிவு தெரியாததை எழுதுவதும் எதிரெதிர்ச் செயல்களாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டிலும் நீங்கள் தேடிச் செல்வது ஒன்றையே என்று நினைக்கிறேன். ஓர் ஆட்டத்தின் முடிவு இன்னும் யாருக்கும் தெரியாமல் இருந்த அந்தப் பொழுது எப்படி இருந்தது என்பதே அது. பழைய நிகழ்ச்சி அந்தப் பொழுதைப் படமாக வைத்திருக்கிறது. உங்கள் நோட்டு அதையே எழுத்தாக வைத்திருக்கிறது.

பிபிசியில் 1973இல் வந்த 'வாட்எவர் ஹேப்பன்ட் டு தி லைக்லி லேட்ஸ்?' தொடரில் 'நோ ஹைடிங் பிளேஸ்' என்றோர் அத்தியாயம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல்கேரியாவில் நடக்கும் இங்கிலாந்து அணியின் ஆட்டம் இரவில் தொலைக்காட்சியில் காட்டப்படும் வரை அதன் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட வேண்டும் என்று அதன் நாயகர்களான பாபும் டெர்ரியும் நாள் முழுவதும் ஊருக்குள் ஓடி ஒளிவார்கள். இறுதியில் மைதானம் நீரில் மூழ்கி ஆட்டமே நடக்கவில்லை என்று தெரியவரும். நகைச்சுவைத் தொடர்தான். ஆனால் கால்பந்து ரசிகனின் மனத்தை இத்தனை துல்லியமாகக் காட்டிய இன்னொரு தொலைக்காட்சி அத்தியாயத்தை நான் பார்த்ததில்லை. அவர்கள் இருவரும் அன்று காத்துக்கொள்ள முயன்றது தங்கள் அறியாமையைத்தான். அறியாமல் இருந்தால்தான் ஆட்டம் அவர்களுக்கு உயிரோடு இருக்கும்.

இன்று பழைய ஆட்டங்கள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலும் கோல்கள் மட்டும் வெட்டி எடுக்கப்பட்ட துண்டுகளாகக் கிடைக்கின்றன. அவற்றில் எல்லாமே முடிவை நோக்கி ஓடுகின்றன. பந்து காலுக்கு வரும்போதே அது வலைக்குள் போகும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நீங்கள் பார்ப்பது அப்படிப்பட்டதன்று. 'தி பிக் மேட்ச்' முழு நிகழ்ச்சியாக மறுபடி வரும்போது, அதன் தொகுப்பாளர் பிரையன் மூர் அந்த ஞாயிற்றுக்கிழமையின் கவலைகளோடு பேசுகிறார், எந்த மேலாளரின் பதவி ஆட்டம் காண்கிறது என்று ஊகிக்கிறார், அடுத்த வாரம் என்ன ஆகும் என்று உண்மையாகவே தெரியாமல் நம்மிடம் விடைபெறுகிறார். அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பது ஒரு சுகம். அதைவிட, கொஞ்ச நேரத்தில் நமக்குத் தெரிந்ததையும் மறந்து அவரோடு சேர்ந்து காத்திருக்கத் தொடங்கிவிடுகிறோமே, அது பெரிய சுகம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிபிசி எத்தனையோ ஒளிநாடாக்களை அழித்து, அவற்றின் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்துவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையான துக்கம் உண்டாகிறது. அழிந்த ஆட்டங்களின் கோல் எண்ணிக்கை பதிவேடுகளில் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை இரவில் மனிதர்கள் எதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் போய்விட்டது.

சனிக்கிழமை மாலைகளையும் இங்கே சொல்ல வேண்டும். பிபிசியில் 1958இல் தொடங்கிய 'கிராண்ட்ஸ்டாண்ட்' விளையாட்டு நிகழ்ச்சியில், ஐந்து மணிக்கு முன்பாக, டெலிபிரிண்டர் என்ற தொலையச்சு இயந்திரம் ஆட்ட முடிவுகளை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டே வரும். அணியின் பெயர் முழுமையாக வந்து முடிவதற்குள் ஒரு வீட்டில் எத்தனை இதயங்கள் நின்று துடித்திருக்கும்! அதன் பிறகு லென் மார்ட்டின் முடிவுகளை வாசிப்பார். முதல் நிகழ்ச்சியிலிருந்து 1995இல் தாம் மறையும் வரை அவர்தான் வாசித்தார். சொந்த மைதானத்து அணியின் கோல்களைச் சொல்லிவிட்டு எதிரணியின் பெயரைச் சொல்லும்போதே அவருடைய குரல் ஏறும், இறங்கும், அல்லது சமனாக நிற்கும். இரண்டாவது எண் வருவதற்கு முன்பே வெற்றியா, தோல்வியா, டிராவா என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். கணிப்பு என்பதன் மிகச் சிறிய, மிக இனிய வடிவம் என்று நான் அதைச் சொல்வேன். அரை நொடிக்கு முன்னால் தெரிந்துகொள்கிறோம். அந்த அரை நொடிக்காக நாடே காது கொடுத்தது. மடியில் ஃபுட்பால் பூல்ஸ் என்ற பந்தயப் போட்டியின் கூப்பனை விரித்துவைத்து, டிராவில் முடியும் என்று தாம் குறித்த எட்டு ஆட்டங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கணிப்பு எந்த அளவுக்கு மதிக்கப்பட்டது என்பதற்கு 1963 ஜனவரி ஒரு சான்று. அந்தக் குளிர்காலத்தில் மைதானங்கள் உறைந்துபோய், எஃப்ஏ கோப்பையின் மூன்றாம் சுற்றை முடிப்பதற்கு மட்டும் 66 நாட்கள் ஆயின. ஆட்டம் நடக்காவிட்டால் பூல்ஸ் கூப்பனுக்கு விடை ஏது? ஆகவே டாம் ஃபின்னி, டாமி லாட்டன், டெட் டிரேக் போன்ற பழைய வீரர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். நடக்காத ஆட்டங்களின் முடிவுகளை அவர்கள் தீர்மானித்து அறிவித்தார்கள். அந்த அறிவிப்பின்படியே பரிசும் கொடுக்கப்பட்டது. ஆட்டத்தைப் பல்லாண்டு ஊன்றிக் கவனித்தவரின் ஊகத்துக்கு ஒரு தகுதி உண்டு என்று ஒரு சமூகம் ஏற்றுக்கொண்டிருந்தது.

இனி உங்கள் முதல் பக்கத்துக்கு வருகிறேன். ஃபாரஸ்டை இருபதாம் இடத்தில் வைத்ததை நீங்கள் ஒரு குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். 1977 ஆகஸ்டில் உங்கள் கண்முன் என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் டிவிஷனில் மூன்றாம் இடம் பிடித்து, ஒட்டிக்கொண்டு மேலே வந்த அணி அது. கோல்காப்பாளர் பீட்டர் ஷில்டன் அப்போது அங்கே இல்லை. சீசன் தொடங்கிய பிறகு செப்டம்பரில்தான் வந்தார். நடுக்கள வீரர் ஆர்ச்சி கெம்மில் வந்ததும் அந்த மாதத்தில்தான். பர்மிங்காமில் முன்கள வீரராக ஆடிக்கொண்டிருந்த கென்னி பர்ன்ஸை ஃபாரஸ்டின் மேலாளர் பிரையன் கிளஃப் தடுப்பாளராக மாற்றப்போகிறார் என்பதும், அவரே அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதைப் பெறுவார் என்பதும் யாருடைய கனவிலும் இல்லாதவை. அந்த அணி லிவர்பூலைவிட 7 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றுச் சாம்பியன் ஆனது. அது எத்தனை பெரிய அற்புதம் என்பதைப் பதிவேட்டில் உள்ள 'முதலிடம்' என்ற சொல் சொல்வதில்லை. விவரம் தெரிந்த, நிதானமான ஒரு ரசிகர் உண்மையாக யோசித்து எழுதிய 'இருபது' என்ற எண் சொல்கிறது. அந்த எண்ணை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால், ஃபாரஸ்ட் வெல்லும் என்று தமக்கு அப்போதே தோன்றியதாக இன்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நினைவு எல்லோரையும் அப்படித்தான் ஏமாற்றுகிறது.

லிவர்பூலின் முன்னாள் தடுப்பாளரும் பின்னர் தொலைக்காட்சி விமர்சகருமான ஆலன் ஹேன்சனுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் இதைப் போன்றதே. 1995 ஆகஸ்ட் 19 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் மான்செஸ்டர் யுனைடெட் 3–1 என்று தோற்ற இரவில், பிபிசியின் 'மேட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சியில் அவர், யுனைடெட்டின் இளம் வீரர்களைக் குறித்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்றார். அந்தப் பிள்ளைகள் அந்தச் சீசனிலேயே லீக்கையும் எஃப்ஏ கோப்பையையும் வென்றார்கள். இன்றுவரை அந்த ஒற்றை வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஆனால் அவர் எதைக் கண்டு அப்படிச் சொன்னார் என்பதை யாரும் காட்டுவதில்லை. அந்தக் கோடையில் பால் இன்ஸ், மார்க் ஹ்யூஸ், ஆண்ட்ரே கான்செல்ஸ்கிஸ் ஆகிய மூவரும் விற்கப்பட்டிருந்தார்கள். அணியின் நட்சத்திர வீரர் எரிக் காண்டோனா செப்டம்பர் முடியும் வரை ஆடத் தடை பெற்றிருந்தார். அன்றைய ஆட்டத்தில் இடைவேளைக்குள்ளேயே மூன்று கோல்கள் வாங்கியிருந்தார்கள். ஹேன்சன் சொன்னது அன்றைக்குக் கிடைத்த சான்றுகளுக்கு நேர்மையான தீர்ப்பு. அடுத்த ஜனவரியில் நியூகாசில் 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்தபோது அந்தத் தீர்ப்பு சரியாகவும் தோன்றியது. தடை நீங்கி வந்த காண்டோனா ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் எத்தனை ஆட்டங்களை மீட்டுத் தருவார் என்பதை ஆகஸ்டில் அறிந்திருக்க வழியில்லை. துண்டுக் காட்சியாகப் பார்த்தால் அது ஒரு தவறு. முழு நிகழ்ச்சியையும் பார்த்தால், ஒரு தேர்ந்த தடுப்பாட்டக்காரர் தாம் கண்ட பலவீனத்தைத் தயங்காமல் சொன்ன இரவு.

ஆகையால் உங்களிடம் எனக்கு ஒரே ஒரு குறை. நீங்கள் எண்களை மட்டும் எழுதிவைத்திருப்பதாகக் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். இந்த ஆண்டிலிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே காரணத்தையும் இரண்டு வரியில் எழுதுங்கள். தடுப்பாட்டத்தில் மூப்பு தெரிகிறது, கோல் அடிப்பவர் ஒருவரையே நம்பியிருக்கிறார்கள், மேலாளருக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பது போல எதுவாயினும் சரி. கணினிகள் இன்று ஒவ்வோர் அணிக்கும் சதவீதம் கணித்துத் தருகின்றன, அவை பயனுள்ளவைதாம். ஆயினும் ஆயிரம் முறை ஆடிப்பார்த்துச் சொல்லும் கணினியிடம், ஒரு மனிதர் அந்த ஆகஸ்டில் எதற்கு அஞ்சினார், எதை விரும்பினார் என்பது இருக்காது. விருப்பம் கலந்த கணிப்பு தவறிப்போகும் என்பார்கள். தவறட்டும், அந்த விருப்பமும் பதிவாக வேண்டியதே.

உங்கள் மகளிடம் நோட்டைக் கொடுத்து, ஏதேனும் ஒரு சீசனின் பழைய நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதலில் அந்த ஆண்டின் பக்கத்தை அவர் வாசிக்கட்டும், பிறகு இருவரும் சேர்ந்து அந்த நிகழ்ச்சியைப் பாருங்கள். முடிவு தெரிந்த ஆட்டமாக அது அவருக்குத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

எனக்கும் ஓர் உதவி செய்ய வேண்டும். 1985இல் ஒளிபரப்பு உரிமைப் பேச்சு முறிந்துபோய், ஆகஸ்டில் சீசன் தொடங்கியதிலிருந்து அந்த ஆண்டு முடியும் வரை லீக் ஆட்டம் ஒன்றுகூடத் தொலைக்காட்சியில் காட்டப்படவில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் மிரன் அணியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த ஃபிராங்க் மெக்அவென்னி வெஸ்ட் ஹாமுக்காக வாரந்தோறும் கோல் அடித்துக்கொண்டிருந்தார். மைதானத்துக்குப் போகாத ரசிகர்களுக்கு அவர் முகமே தெரியாது. வெஸ்ட் ஹாம் அந்தச் சீசனில் மூன்றாம் இடம் பிடித்தது. அவர்களுடைய லீக் வரலாற்றிலேயே மிக உயர்ந்த இடம் அதுதான். திரும்பப் பார்ப்பதற்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சியே இல்லாத அந்த மாதங்களுக்கு, உங்களுடையதைப் போன்ற நோட்டுகள்தாம் எஞ்சியிருக்கின்றன. 1985ஆம் ஆண்டின் பக்கத்தில் வெஸ்ட் ஹாமை எத்தனையாவது இடத்தில் வைத்திருந்தீர்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்