நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் வந்தால் ஊர் ஓடையும் கிணறும் எவ்வளவு பாதிக்கும்? எப்படிக் கணக்கிடுவது?

கேட்டவர் சுரங்கம் வரப்போகிற ஊர்க்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். "நீர்மட்டம் இத்தனை மீட்டர் இறங்கும்" என்று கலர் கலராக ஒரு வரைபடம் காட்டியிருப்பார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, கூரை இடிந்தால் விரிசல் எவ்வளவு உயரம் ஏறும் என்று முதலில் கேளுங்கள்.

லாங்வால் முறையில் கரியை வெட்டிக்கொண்டே முன்னேறுவார்கள், பின்னால் கூரையை விழ விட்டுவிடுவார்கள். விழுந்த பாறைக்கு மேலே, ஒன்றோடொன்று இணைந்த விரிசல்கள் கொண்ட பகுதி ஒன்று உருவாகும். அது தரைவரை வந்தால் ஓடைத் தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்கும். அந்த உயரத்தைக் கணிக்கும், 2013-இல் வெளியான டம்மெட்டா சூத்திரத்துக்குப் பேனலின் (ஒரே வீச்சாக வெட்டி எடுக்கும் நீண்ட கரித் தொகுதியின்) அகலம், வெட்டும் உயரம், மேலே உள்ள பாறையின் தடிமன் ஆகிய மூன்றும் போதும். 350 மீட்டர் ஆழத்தில், 305 மீட்டர் அகலப் பேனலில், 3.5 மீட்டர் கரி எடுத்தால் விரிசல் ஏறத்தாழ 320 மீட்டர் ஏறும். 3.9 மீட்டர் எடுத்தால் தரையே தப்பாது. 3.5-ஐயே வைத்துக்கொண்டு அகலத்தை 150 ஆக்கினால் 165 மீட்டர் சுமாருக்கு நின்றுவிடும். எனவே பேரம் பேச வேண்டியது பேனல் அகலத்தில்தான்.

பாறையின் தன்மையைக் கணக்கில் எடுக்காத சூத்திரம் இது என்று சிலர் பாய்வார்கள். சரிதான். பாறை அடுக்கைச் சேர்த்துக்கொள்ளும் டிட்டன் சூத்திரம் குறைவான உயரம் காட்டும். சிட்னியின் குடிநீர் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு அடியில் ஓடும் டென்ட்ரோபியம் சுரங்கத்தில் எந்தச் சூத்திரத்தை நம்புவது என்ற இந்தச் சண்டைதான் நடந்தது. துளையிட்டு நிரூபிக்கும்வரை அதிக உயரத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அரசு அமைத்த நிபுணர் குழுவின் பரிந்துரை. அந்தச் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்கு 2021 பிப்ரவரியில் அனுமதி மறுக்கப்பட்டது.

விரிசல் உயரத்தை நிரூபிப்பது எப்படி? பேனலின் நடுக்கோட்டில் ஒரே துளையில் பல ஆழங்களில் பீசோமீட்டர் (பாறைக்குள் உள்ள நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்து, சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். வெட்டுவதற்கு இரண்டு வருடம் முன்பே வைத்தால் நல்லது. பாறை நகரும்போது கேபிள் அறுந்துவிடும். "தரவு கிடைக்கவில்லை" என்று அறிக்கையில் முடித்துவிடுவார்கள். விட்டுவிடாதீர்கள், வெட்டியபின் பக்கத்தில் புதுத் துளை போட்டு, பேக்கர் சோதனையை (துளையின் ஒரு பகுதியை அடைத்து, நீர் செலுத்தி, பாறை எவ்வளவு நீர் விடுகிறது என்று பார்ப்பது) முன்னும் பின்னும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

சுரங்கத்தின் நீர்க்கணக்கும் வேண்டும். வெளியே இறைத்த நீரிலிருந்து உள்ளே அனுப்பிய நீரைக் கழித்து, கரியின் ஈரத்தையும் காற்றோட்டத்தில் போகும் ஈரத்தையும் சேர்த்தால் உட்கசிவு கிடைக்கும். மழைக்குப் பின் அது ஏறினால் மேலிருந்து வழி திறந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். மழைநீரில் இருக்கும் கதிரியக்க ஹைட்ரஜனான ட்ரிட்டியம் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: அரை ஆயுள் 12.3 வருடம்தான், கசிவில் அது கணிசமாக இருந்தால் அண்மைக்கால மழைநீர்.

ஓடையில் வி வடிவ வெட்டணை (நீரோட்டத்தை அளக்கும் சிறு தடுப்பு) ஒன்று கீழே கட்டி அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். மேலே விரிசலில் மறைந்த நீர் படுகைக்கு அடியில் ஓடி, கீழே மீண்டும் வெளிவரும், ஆரஞ்சு நிறத்தில். புதிதாகப் பிளந்த பாறையிலிருந்து கரைந்த இரும்பு அது. ஓடையிலுள்ள ஒவ்வொரு குட்டைக்கும் நீர்மட்டமானி வேண்டும்; மழை நின்றபின் எத்தனை நாளில் வற்றுகிறது என்பதை, அதே பாறை அமைப்பில் சுரங்கம் இல்லாத இன்னொரு ஓடையோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டு ஓடை இல்லாவிட்டால் "வறட்சிதான் காரணம்" என்ற பதிலை உங்களால் மறுக்கவே முடியாது.

ஒரு வயிற்றெரிச்சல். இந்தியாவில் சூழல் தாக்க அறிக்கைக்கு, மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தின் அடிப்படைத் தரவு போதும் என்பதே பொது வழக்கம். தண்ணீரைப் பற்றிய ஆய்வு, மழை பெய்யும்போது மட்டும் பார்க்கத் தேவையில்லையாம்! கிணற்று மட்டத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீங்களே நாடாவால் அளந்து, தேதியோடு எழுதி வைக்கத் தொடங்குங்கள்.

ஓடை விரிசலைப் பாலியூரித்தேன் என்ற பிசினைச் செலுத்தி அடைப்போம் என்றும் சொல்வார்கள். சிட்னிக்குத் தெற்கே வாரட்டா ஓடையில் அப்படிச் செய்தார்கள். குட்டையில் தண்ணீர் தேங்க அது உதவலாம். 200 மீட்டர் கீழே திறந்த விரிசலை அது தொடக்கூட முடியாது.