எடைப்பயிற்சிக்கு எவ்வளவு நேரம் போதும்?

கேள்வி: எனக்கு வயது 38. ஐந்து மாதங்களாக வாரத்தில் மூன்று நாள் உடற்பயிற்சிக்கூடத்துக்குச் சென்று எடைப்பயிற்சி செய்து வருகிறேன். ஒவ்வொரு நாளும் எட்டுப் பயிற்சிகள். ஒவ்வொன்றிலும் நான்கு செட், அதாவது இடையிடையே ஓய்வெடுத்து நான்கு சுற்று. எல்லாம் முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது. 45 நிமிடத்தைத் தாண்டினால் ஹார்மோன்கள் மாறித் தசை கரையத் தொடங்கிவிடும் என்கிறார் பயிற்சியாளர். உடன் பயிற்சி செய்யும் தோழியோ இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் பலனே இல்லை என்கிறாள். வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு இவ்வளவு நேரம் ஒதுக்குவது கடினமாக இருக்கிறது. நேரத்தைக் குறைத்தால் இதுவரை சேர்த்த வலிமை போய்விடுமா?

– பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி

பதில்: போகாது. உடலைச் சூடேற்றும் நேரத்தையும் சேர்த்து ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை உங்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, இப்போது செய்யும் அத்தனையையும் ஒரு மணி நேரத்துக்குள் அவசரமாக அடைத்துவிட வேண்டாம் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஒன்றே முக்கால் மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். எட்டுப் பயிற்சிகள், நான்கு செட் என்றால் மொத்தம் 32 செட். ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 40 விநாடி என்று வைத்தால் உங்கள் தசைகள் எடையைத் தூக்கி உழைக்கும் நேரம் சுமார் 21 நிமிடம்தான். மீதமுள்ள 84 நிமிடமும் ஓய்விலும், சூடேற்றுவதிலும், கருவி காலியாகும்வரை காத்திருப்பதிலும், ஒருவேளை கைபேசியிலும் கழிகிறது. ஆகவே எவ்வளவு நேரம் என்று கேட்பதைவிட எத்தனை செட், ஒவ்வொன்றுக்கும் இடையில் எவ்வளவு ஓய்வு என்று கேட்பதே சரியான வழி. இந்த இரண்டும் முடிவாகிவிட்டால் நேரம் தானாகவே முடிவாகிவிடும்.

நேரத்தைக் குறைக்க நினைக்கும் பலரும் முதலில் கை வைப்பது ஓய்வில்தான். அங்கேதான் தவறு நேர்கிறது. கனமான எடையைத் தூக்கும் சில விநாடிகளுக்குத் தசை பெரும்பாலும் கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் உடனடிச் சேமிப்பையே செலவிடுகிறது. செட் முடிந்ததும் அந்தச் சேமிப்பில் பாதியளவு அரை நிமிடத்தில் திரும்பிவிடும். முழுமையாக நிரம்புவதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை ஆகும். நிரம்புவதற்கு முன்பே அடுத்த செட்டைத் தொடங்கினால் மூச்சு வாங்கும், வியர்க்கும், கடுமையாக உழைத்த நிறைவும் கிடைக்கும். ஆனால் பத்து முறை தூக்க வேண்டிய எடையை ஏழு முறைதான் தூக்க முடியும். 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், எடைப்பயிற்சியில் அனுபவமுள்ள ஆண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு நிமிட ஓய்வும் மற்றொன்றுக்கு மூன்று நிமிட ஓய்வும் கொடுத்து எட்டு வாரம் பயிற்சியளித்தார்கள். மூன்று நிமிடம் ஓய்வெடுத்தவர்களுக்கே வலிமை கூடுதலாக வளர்ந்தது. எனவே ஓய்வை அப்படியே விட்டுவிட்டு, செட்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

எண்ணிக்கையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நேரடியான சான்று இருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வொன்றில், அனுபவமுள்ள 34 ஆண்கள் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி செய்தார்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு குழு ஒரே செட், இன்னொரு குழு மூன்று செட், மற்றொரு குழு ஐந்து செட் செய்தது. ஒரு நாளுக்கு ஆன நேரம் முறையே சுமார் 13, 40, 68 நிமிடம். வலிமை வளர்ச்சியில் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தசையின் பருமன் மட்டும் செட்கள் கூடக் கூட அதிகரித்தது. நான் சொன்ன இரண்டு ஆய்வுகளிலும் பங்கேற்றவர்கள் ஆண்கள் மட்டுமே என்பதால் அந்த எண்களை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. ஆயினும் நேரத்தைக் குறைத்தவுடன் வலிமை கரைந்துவிடும் என்ற உங்கள் அச்சத்துக்கு இடமில்லை என்பது இதிலிருந்து தெளிவாகும். ஒன்றைக் கவனியுங்கள்: பதின்மூன்று நிமிடக் குழுவினர் அந்த ஒரே செட்டை இனி ஒருமுறைகூடத் தூக்க முடியாது என்ற நிலை வரும்வரை செய்தார்கள். செட்கள் குறையும்போது ஒவ்வொரு செட்டின் தீவிரம் கூட வேண்டும்; இன்னும் ஒன்றிரண்டு முறைதான் தூக்க முடியும் என்ற இடத்தில் நிறுத்துவது உங்களுக்குச் சரியான அளவு.

உங்கள் பயிற்சியாளர் சொன்ன 45 நிமிட எல்லைக்கு வருகிறேன். தீவிரமான எடைப்பயிற்சியின்போது வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை சிறிது நேரம் உயர்ந்து பிறகு இறங்குவதும், தசைப் புரதத்தைச் சிதைக்கக்கூடிய கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் உயர்வதும் உண்மைதான். அதனால் தசை கரையும் என்று முடிவுகட்டியதுதான் பிழை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 49 பேருக்குப் பன்னிரண்டு வாரம் பயிற்சியளித்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, பயிற்சிக்குப் பின் ஏற்படும் இந்தத் தற்காலிக ஹார்மோன் உயர்வுக்கும் தசை வளர்ச்சிக்கும் தொடர்பு காணப்படவில்லை. மேலும், நல்ல பயிற்சிக்குப் பிறகு தசையில் புரதம் கட்டமைக்கப்படும் வேகம் ஒரு நாளோ அதற்கு மேலோ உயர்ந்தே இருக்கிறது. நாற்பத்தாறாவது நிமிடத்தில் எதுவும் கெட்டுவிடுவதில்லை. ஆனாலும் அவருடைய அறிவுரையை முழுவதும் ஒதுக்க நான் சொல்லமாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும்போது பெரும்பாலோருக்குக் கவனம் சிதறுகிறது, முதுகின் நிலை தளர்கிறது; உங்கள் ஏழாவது, எட்டாவது பயிற்சிகளில் கடைசி செட்கள் எப்படி இருக்கின்றன என்பதை நீங்களே நேர்மையாக எண்ணிப் பாருங்கள். காரணம் தவறாக இருந்தாலும் அவர் காட்டும் திசை உங்களுக்குப் பொருந்துகிறது.

தோழியின் இரண்டு மணி நேரம் எடைதூக்கும் போட்டிகளுக்குத் தயாராகிறவர்களுக்குத் தேவைப்படலாம். மிகக் கனமான எடைக்குப் படிப்படியாக ஏற வேண்டும் என்பதால் அவர்களுக்குச் சூடேற்றும் செட்களே பல. இடையில் ஐந்து நிமிட ஓய்வும் எடுக்கிறார்கள். ஐந்து மாதப் பயிற்சியில் இருப்பவருக்கு அது அவசியமே இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இது. எட்டுப் பயிற்சிகளை ஐந்தாகக் குறையுங்கள்: ஸ்குவாட் (எடையுடன் உட்கார்ந்து எழுதல்), டெட்லிஃப்ட் (தரையிலுள்ள எடையைத் தூக்கி நிமிர்தல்) வகையில் ஒன்று, நெஞ்சுக்கு அழுத்தும் பயிற்சி, முதுகுக்கு இழுக்கும் பயிற்சி, தோளுக்கு ஒன்று. மேற்கையின் முன்தசையான பைசெப்ஸுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். இழுக்கும்போது அதுவும் சேர்ந்தே உழைக்கிறது. ஒவ்வொன்றிலும் மூன்று செட். முதல் இரண்டு பெரிய பயிற்சிகளுக்கு மூன்று நிமிட ஓய்வும் மற்றவற்றுக்கு ஒன்றரை நிமிட ஓய்வும் எடுத்தால் சுமார் 42 நிமிடம் ஆகும். தொடக்கத்தில் ஐந்து நிமிட நடை, பிறகு முதல் பயிற்சியையே குறைந்த எடையில் இரண்டு மூன்று செட் என்று பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்; இதை மட்டும் எந்த நாளிலும் விட்டுவிடாதீர்கள். இன்னும் நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் நெஞ்சுப் பயிற்சியின் ஒரு செட், அடுத்து முதுகுப் பயிற்சியின் ஒரு செட் என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். ஒன்று உழைக்கும்போது மற்றது இளைப்பாறுவதால் ஓய்வு வெகுவாகக் குறையாது.

இந்த அளவு போதுகிறதா என்பதை அறிய ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் எந்த எடையை எத்தனை முறை தூக்கினீர்கள் என்று எழுதுங்கள். ஆறு வாரங்களில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். ஏறாமல் நின்றுவிட்டால் முதலில் தூக்கத்தையும் உணவையும் கவனித்துவிட்டு, அதன்பின் நின்றுபோன பயிற்சிக்கு மட்டும் ஒரு செட் கூட்டுங்கள்.

வேலை மிகுந்து அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்ற நாளில் ஸ்குவாட், நெஞ்சு, முதுகு மூன்றையும் இரண்டிரண்டு செட் செய்துவிட்டுக் கிளம்புங்கள். வாரத்தில் ஒரு நாள் முழுவதுமாகத் தவறிப்போனாலும் வருந்த வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரிய தசைத் தொகுதிகள் அனைத்துக்கும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த இரண்டு நாள் அப்போதும் உங்கள் கையில் இருக்கும்.