இடம் தாராளமானால் கோழிக்கு நெஞ்சுக்கறி பிடிக்குமா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டுக் கொல்லையில் 20-க்கு 10 அடிக் கொட்டகையில் 200 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். சிறுவிடையும் (சிறிய உடம்புள்ள நாட்டு இனம்) அசில் (சண்டைக்கோழி இனம்) கலப்பும் சேர்ந்து இருக்கின்றன. மூன்று மாதம் முடிந்தும் நெஞ்சில் கறி பிடிக்கவில்லை. வியாபாரி மார்பெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறார். முதல் மாதம் கம்பெனித் தீவனம் போட்டேன். அதன்பின் நொய்யும் தவிடும் சரிபாதி, கூடவே கொஞ்சம் அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் பாசி போன்ற செடி). மூன்று தீவனத் தொட்டி இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் திறந்துவிட்டால் சதை பிடிக்குமா? ஒரு கோழிக்கு எத்தனை சதுர அடி வேண்டும்?"

சதுர அடிக் கணக்கை முதலில் சொல்லிவிடலாம். எட்டு வாரம் தாண்டிய நாட்டுக்கோழிக்குக் கொட்டகைக்குள் 2 சதுர அடி வேண்டும். உங்களிடம் 1 சதுர அடிதான் இருக்கிறது. அதிலும் தொட்டியும் தண்ணீர்க் கலனும் அடைக்கும் இடத்தைக் கழிக்க வேண்டும். ஆறு வாரத்தில் விற்றுவிடும் பிராய்லருக்கு 1 சதுர அடி போதும். அது தின்றுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நாட்டுக்கோழி நாள் முழுக்கக் கிளறும், துரத்தும், அசில் ரத்தம் இருந்தால் மூன்றாம் மாதமே மோதத் தொடங்கும்.

ஆனால் இடத்தை இரட்டிப்பாக்கினால் மட்டும் உங்கள் கோழிக்கு நெஞ்சு நிறையாது. காரணம் கோழியின் உடம்பிலேயே இருக்கிறது. ஒரு தசையில் எத்தனை நார்கள் என்பது குஞ்சு முட்டையை விட்டு வெளிவரும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அதன்பின் நடப்பதெல்லாம் அந்த நார்கள் பருப்பதும் நீள்வதும்தான். பருக்கப் புரதம் வேண்டும். நடையால் நெஞ்சு பருக்காது, ஏனென்றால் நெஞ்சுத்தசை இறக்கையை அடிக்கிற தசை. நடப்பது தொடையும் காலும். வயலில் மேய்ந்த கோழியின் தொடைக்கறி கெட்டிப்பட்டு, நிறம் சிவந்து, வயிற்றுக் கொழுப்பு குறைந்திருக்கும். நாட்டுக்கோழி ருசி என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு இதுதான். நெஞ்சின் அளவை இனமும் தீவனமும்தான் தீர்மானிக்கின்றன. பிராய்லர் நெஞ்சு பல தலைமுறைத் தேர்வில் வந்தது. சிறுவிடையிடம் அதை எதிர்பார்த்தால் கோழி மேல் தப்பில்லை.

அப்படியானால் நெருக்கடி எங்கே கெடுக்கிறது? முதலில் தொட்டியடியில். 200 கோழிக்கு மூன்று தொட்டி என்றால் வலுத்த சேவல்கள் தின்று முடிக்கும்வரை மற்றவை ஒதுங்கி நிற்கும். அவை வரும்போது அடியில் உமித்தூள்தான் மிஞ்சும். ஒரு கோழிக்கு 3 அங்குலம் தொட்டி விளிம்பு வேண்டும். 200 கோழிக்கு 600 அங்குலம், அதாவது 50 அடி. இருபுறமும் நின்று தின்னக்கூடிய 5 அடி நீளத் தொட்டி ஒன்று 10 அடி விளிம்பு தரும். எனவே ஐந்து தொட்டி. தொட்டி விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்கட்டும், தாழ்ந்தால் கிளறி இறைத்துவிடும். தண்ணீருக்குக் கோழிக்கு 1 அங்குலம். 14 அங்குல அகல வட்டக் கலன் ஐந்து வையுங்கள், சித்திரை வைகாசியில் ஆறாக்குங்கள்.

இது உங்கள் பண்ணையில் நடக்கிறதா என்று ஒரு காலைப்பொழுதில் கண்டுபிடிக்கலாம். தீவனம் வைக்கும் முன் சேவல் 20-ஐக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்ததுபோல், பொறுக்கி எடுக்காமல் பிடித்து, ஒவ்வொன்றாக எடை போடுங்கள். சராசரி 800 கிராம் என்றால் 720-க்கும் 880-க்கும் இடையில் 16 சேவலாவது விழ வேண்டும். சிறுவிடையையும் அசில் கலப்பையும் தனித்தனியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும். எடை பரந்து சிதறினால் போட்டிதான் பிரச்சினை. இடமும் தொட்டியும் கூட்டினால் தேறும். எல்லாமே ஒரே மாதிரி இளைத்திருந்தால் குறை தீவனத்தில் அல்லது குடலில்.

உங்கள் விஷயத்தில் தீவனக் குறை எடை போடாமலே தெரிகிறது. நொய்யில் புரதம் 8 சதவீதம் அளவு, தவிட்டில் 12. சரிபாதி கலந்தால் 10. வளரும் கோழிக்கு வேண்டியது 16 முதல் 18. ஒரு கிலோ பச்சை அசோலாவில் தண்ணீர் போக 70 கிராம்தான் மிஞ்சும், அதில் புரதம் 15 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். அசோலா நல்ல பச்சை உணவு; புரதக் குறையை அது அடைக்காது. நெல் சார்ந்த தீவனத்தில் லைசின் என்ற அமினோ அமிலமும் குறைவு, லைசின் குறைந்தால் முதலில் அடிபடுவது நெஞ்சுத்தசை. டெல்டாவில் நொய்யும் தவிடும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் இந்தத் தவறு ஊர் ஊராக நடக்கிறது.

100 கிலோ கலவைக்கு: மக்காச்சோளம் 40, நொய் 15, தவிடு 17, சோயாப் பிண்ணாக்கு 20, கடலைப் பிண்ணாக்கு 5, தாது உப்புக் கலவை 2, கிளிஞ்சல் தூள் 700 கிராம், உப்பு 300 கிராம். வைட்டமின் கலவையை உறையில் போட்ட அளவுப்படி தனியே சேருங்கள். இதில் புரதம் 17-18 சதவீதம் வரும். கடலைப் பிண்ணாக்கை ஐந்து கிலோவோடு நிறுத்தியதற்குக் காரணம் நம் ஈரக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் மூட்டைக்குள் பூஞ்சை பிடித்தால் அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், அப்புறம் எதைப் போட்டாலும் கறி ஏறாது. கட்டியானதும் பச்சை படிந்ததும் காயவைத்துப் போடுகிற வேலையே வேண்டாம், கொட்டிவிடுங்கள். நாகப்பட்டினம் பக்கத்துக் கருவாட்டுத்தூள் சேர்ப்பவர்கள் உப்புப் போடாமல் உலர்த்தியதா என்று பார்த்தே வாங்க வேண்டும். உப்பு மிஞ்சினால் கோழி தண்ணீராகக் குடித்துக் கழியும், தரை நனையும்.

தரை நனைவதுதான் நெருக்கடியின் இரண்டாவது கெடுதல், நம் பகுதியில் அதுவே பெரியது. 1 சதுர அடிக்கு ஒரு கோழி எச்சமிட்டால் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஆழ்கூளம், அதாவது தரையில் பரப்பிய உமிப் படுக்கை, காயவே காயாது. ஈரத்தில் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகுகிறது. அது குடல் சுவரைத் தின்றுவிட்டால் விலை கொடுத்து வாங்கிய சோயாப் புரதம் எச்சத்தோடு போகும். அம்மோனியா வாடை ஏறி மூச்சுக்குழாயும் கெடும். உங்கள் கண் எரிகிற அளவுக்கு வந்துவிட்டதென்றால் கோழி அதற்கு வெகு முன்பே அவதிப்பட்டிருக்கிறது. அதுவும் கோழியின் மூக்கு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. உமியோ கடலைத்தோலோ 3 முதல் 4 அங்குலம் பரப்பி, நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டை பிளந்து உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் தண்ணீர்க் கலன் அடியில் உள்ளதையாவது உடனே அள்ளி மாற்ற வேண்டும்.

மூன்றாவது சூடு. கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை இறக்கும். உடம்போடு உடம்பு ஒட்டி நின்றால் நடுவில் காற்றே போகாது. 32 டிகிரிக்கு மேல் போகப்போகத் தீவனம் குறையும், தீவனம் குறைந்தால் புரதமும் குறையும். கோடையில் அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் வையுங்கள், நடுப்பகலில் தொட்டியை உயர்த்திவிடுங்கள்.

இனி வயல் விஷயம். சம்பா அறுத்த வயலில் தை மாசி மாதங்களில் திறந்துவிடுவது நல்லதுதான். சிந்திய நெல் தெம்பு தரும். பூச்சியும் நத்தையும் மண்புழுவும் புரதம் தரும். ஆனால் 200 கோழிக்கு வேண்டிய பூச்சி ஒரே வயலில் வாரக்கணக்கில் இருக்காது, கலவைத் தீவனத்தை நிறுத்தாதீர்கள். கடைசி மருந்து எப்போது அடித்தார்கள் என்று பக்கத்து வயல்காரரிடமும் கேளுங்கள். குருணையாகத் தூவும் பூச்சிமருந்தைக் கோழி மணல் என்று பொறுக்கித் தின்னும். எலிக்கு விஷம் வைத்த வரப்பும் அதே ஆபத்து.

வயலை நம்பாமல் கொல்லையிலேயே வலையடைத்த மேய்ச்சல் இடம் போடுவது நிலையான வழி. கோழிக்கு 10 சதுர அடி என்று 200 கோழிக்கு 2,000 சதுர அடி, அதாவது ஐந்து சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அதை இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றி விடுங்கள். ஒரு பாதி வெயிலில் காய்ந்து கிடந்தால் குடற்புழுவும் கழிச்சலும் குறையும். மேலே பருந்துக்கு வலை, அடியில் கீரி நுழையாமல் அரை அடி மண்ணுக்குள் கம்பிவலை. பரந்த திடலுக்கு ஆசைப்பட வேண்டாம். ஓரளவுக்கு மேல் நடக்கவிட்டால் தின்றதில் ஒரு பங்கு நடைக்கே செலவாகும், கிலோ கறிக்கு ஆகும் தீவனம் ஏறும். விற்பதற்கு முந்தைய ஐந்தாறு வாரம் வெளியே விட்டால் தொடை கெட்டிப்பட அது போதும்.

நெஞ்சுத்தசைக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் பரண்கட்டை போடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், இரண்டு அங்குல அகலம், கோழிக்கு 6 முதல் 8 அங்குல நீளம், முனையை மழுக்கிவிடுங்கள். ஏறி இறங்கும்போது இறக்கை அடிக்கும். அடிபட்ட சேவல் ஏறி ஒதுங்கவும் அது இடம். எட்டாம் வாரத்தில் சேவலையும் பெட்டையையும் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது, தோற்ற சேவலும் தொட்டிக்கு வரும்.

இப்போது கையில் உள்ள கோழிகளுக்கு: ஒவ்வொன்றாக நெஞ்சைத் தடவுங்கள். மார்பெலும்பு கத்திபோல் நின்று இருபுறமும் குழிந்திருந்தால் இளைப்பு. இருபுறமும் மட்டமாக இருந்தால் சிறுவிடைக்கு அதுவே சரியான உடம்பு, வியாபாரி பிராய்லரை மனதில் வைத்துப் பேசுகிறார். குழிந்தவற்றைத் தனியே தடுத்து, எச்சத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிக் குடற்புழுவும் கழிச்சலும் பாருங்கள். சிக்கலானால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். மருந்து முடிந்து புதுக் கலவைக்கு மாறினால் நான்கு வாரத்தில் குழி நிரம்பத் தொடங்கும். நார் எண்ணிக்கை மாறாது, ஆனால் மெலிந்த நார் பருக்க இன்னும் வயது இருக்கிறது.

அடுத்த ஈட்டில் குஞ்சுப்பருவத்திலேயே கவனம் தேவை. தசைநாரைப் பருக்கவைக்கும் செல்கள் முதல் வாரத்தில்தான் மும்முரமாகப் பெருகுகின்றன; குஞ்சு வந்த அன்றே தண்ணீரும் 20 சதவீதப் புரதத் தீவனமும் கண்ணில் பட வேண்டும். இந்தப் பருவத்தில் மட்டும் அதிக இடம் கெடுதல், வெப்பத்தையும் தீவனத்தையும் விட்டு விலகிப்போகும். 200 குஞ்சுக்கு 8 அடி விட்டத்தில் தகட்டு வளையம் போட்டால் குஞ்சுக்குக் கால் சதுர அடி. அதை மூன்று நாளுக்கொரு முறை விரித்து, நான்காம் வார முடிவில் அரை சதுர அடி, எட்டாம் வாரம்வரை ஒன்று, பிறகு இரண்டு.

கொட்டகையை நீட்டினால் நீளவாக்கில், கிழக்கு மேற்காக நீட்டுங்கள். அகலம் கூடினால் காற்று நடுவே எட்டாது. தரையைச் சுற்றுப்புறத்தைவிட இரண்டு அடி உயர்த்துங்கள். கூரைத் தகட்டைக் கம்பியால் தூணோடு கட்டாமல் விடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் முதல் பட்டுக்கோட்டை வரை பறந்த கூரைகள் நினைவிருக்கும். நீட்ட முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதுதான். அந்த எண்ணிக்கையை மேய்ச்சல் இடத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். கார்த்திகை மழையில் வெளியே சேறு, அத்தனையும் பகலெல்லாம் உள்ளேதான் நிற்கும். உங்கள் 200 சதுர அடிக்கு 100 கோழி.