சர்ச்சையான விஷயத்தில் வாசகரை இணங்க வைக்க எது உதவும்: உணர்ச்சியா, தர்க்கமா?

இரண்டும்தான். ஆனால் உணர்ச்சியை முதலில் வைப்பேன். படிக்க வைப்பது அதுதான்.

மரண தண்டனை கூடாது என்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிமோத்தி எவன்ஸிலிருந்து தொடங்கலாம். மகளைக் கொன்றதாக 1950-இல் பிரிட்டனில் தூக்கிலிடப்பட்டவர். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன அண்டை வீட்டுக்காரர் ஜான் கிறிஸ்டியே தொடர் கொலைகாரர் என்பது 1953-இல் அம்பலமானது. எவன்ஸுக்கு மன்னிப்பு வந்தது 1966-இல்.

வாசகர் கலங்கிவிட்டார், சரி. அப்புறம்? ‘ஒரு வழக்கை வைத்துச் சட்டத்தையே மாற்றுவதா?’ என்பார். தர்க்கத்துக்கு இங்கேதான் வேலை: எந்த நீதிமன்றமும் தவறலாம், சிறையிலிருப்பவரை விடுவிக்கலாம், தூக்கிலிட்டவரை மீட்க முடியாது.

கொலையுண்டவரின் குடும்பத்துத் துயரத்தையும் எழுதுங்கள். அதை மறைத்தால் எதிர்த்தரப்பு வாசகர் அங்கேயே கழன்றுகொள்வார்.