செலவில்லாமல் தினமும் கிடைக்கிற சின்னச் சந்தோஷம் என்று உங்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. ஆற்றுக் குளியல்.

இதோடு நிறுத்திக்கொண்டிருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த இரண்டு வரி என்னை விடவில்லை. சம்பளம் ஒழுங்காக வருகிறது, வீட்டிலும் பிரச்சினை இல்லை, ஆனாலும் எதிலும் ஒட்டுதல் இல்லை, கடன் வாங்கிச் சுற்றுலா போய் வந்தாலும் மறுநாளே பழையபடி ஆகிவிடுகிறது என்கிறீர்கள். உங்களுக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், காலையில் கண் விழித்ததும் கை போனைத்தான் தேடும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 51. திருநெல்வேலி டவுனில் குடியிருக்கிறேன். ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து குறுக்குத்துறை ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. இவ்வளவு பக்கத்தில் தாமிரபரணி ஓடியும் இருபத்திரண்டு வருடம் அதில் கால் நனைக்காமல் இருந்தவன் நான். பாலத்தில் போகும்போது பேருந்து சன்னல் வழியாக ஒரு பார்வை, அவ்வளவுதான். ஆனால் தினமும் பேப்பரில் பாபநாசம் அணை எத்தனை அடி என்று பார்ப்பதை மட்டும் விட்டதில்லை. மொத்தம் 143 அடி. எனக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. இருந்தாலும் 120 அடியைத் தாண்டினால் எனக்கே சம்பளம் கூடின மாதிரி இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி.

2022 ஏப்ரலில் வீட்டு மோட்டார் எரிந்துபோனது. கழற்றிப் பார்த்தவர், "காயில் போயிட்டு அண்ணாச்சி, கட்டி வர மூணு நாளாகும்" என்றார். பக்கத்து வீட்டுக் குழாயில் நான்கு குடம் பிடித்தோம். அது சமையலுக்கும் மற்றதுக்குமே காணாது. வீட்டில் எரிச்சலோடு, "பக்கத்துலதான ஆறு ஓடுது, போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றாள். கோபத்தில் சொன்னதுதான். நானும் கோபத்தில்தான் ஒரு ஈரிழைத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஐந்தே முக்கால் இருக்கும். படியில் பாசி. கட்டை விரலை அழுத்தி அழுத்தித்தான் இறங்க வேண்டும், அதைக் கால் மறக்கவில்லை. கணுக்கால் வரை ஒன்றும் தெரியாது. முழங்கால் வரையும் சமாளிக்கலாம். இடுப்புக்குத் தண்ணீர் வரும்போதுதான் உடம்பு 'வேண்டாம், திரும்பிப் போய்விடலாம்' என்று கெஞ்சும். அங்கே நின்று யோசித்தால் போச்சு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு. காதுக்குள் 'கும்' என்று ஆகி, ஊர்ச் சத்தம் மொத்தமும் அறுந்துபோனது. மேலே வந்தபோது குளிர் எங்கே போனதென்று தெரியவில்லை. வெந்நீர்க் குளியலில் இப்படி நடக்காது. அதில் குளித்து முடித்த பிறகுதான் குளிரும்.

அப்புறம் மீன்கள். அசையாமல் நின்றால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும், சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. எனக்குக் குதிகாலில் வெடிப்பு உண்டு. அதைத் தேடி வந்து கொத்தும். வலிக்காது, கூசும். 51 வயதுக்காரன் (அப்போது 47) ஆற்றில் தனியாக நின்றுகொண்டு சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர் ஒன்றும் நினைக்கவில்லை. அவருக்கும் கொத்தியிருக்கும்.

சின்ன வயதில் காதில் தண்ணீர் புகுந்தால், வெயிலில் சுட்ட கல்லை எடுத்துக் காதில் அமுக்கி, தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதிப்போம். சூடாக ஒரு சொட்டு வழியும். அன்றைக்கு அந்நேரத்தில் சுட்ட கல்லுக்கு எங்கே போவது? வெறுமனே குதித்தேன். வழிந்தது. அந்தச் சுகத்தை இருபத்திரண்டு வருடம் மறந்திருக்கிறேன், பாருங்கள்.

மூன்றாம் நாள் மோட்டார் வந்துவிட்டது. நான்காம் நாளும் போனேன். வீட்டில், "அதான் தண்ணி வருதே, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போக வர, குளிக்க எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். செலவு மொபெட்டுக்குப் பெட்ரோல், ஒரு டீ.

டீ என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஈரத் தலையோடு கண்ணாடி கிளாஸில் டீ குடிப்பது ஒரு தனி விஷயம். கிளாஸின் சூடு உள்ளங்கையில் ஏற வேண்டும். கொரோனா வந்ததும் எல்லாக் கடையிலும் கிளாஸை எடுத்துவிட்டுப் பேப்பர் கப்பைக் கொண்டுவந்தார்கள். சரி, நோய்க்காலம். நோய் போன பிறகும் கப் போகவில்லை. பிளாஸ்டிக் பூச்சு பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை. கேட்டால், "கிளாஸ் கழுவ ஆள் இல்ல அண்ணாச்சி" என்கிறார்கள். பாதி டீயிலேயே கப்பின் விளிம்பு ஊறிப்போய், குடிப்பது டீயா அட்டையா என்றே தெரிவதில்லை. குடித்துவிட்டு அதைப் படித்துறையிலேயே போட்டுவிட்டுப் போகிறவர்கள் வேறு. கிளாஸ் வைத்திருக்கும் ஒரு கடைக்காக நான் தினமும் அரை கிலோமீட்டர் சுற்றிப் போகிறேன். சரி, விடுங்கள்.

இதை எழுதியதும் சிலர் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். முதலில் தண்ணீர். ஊர்ச் சாக்கடை பல இடத்தில் ஆற்றில் கலக்கிறது, மறைக்கவில்லை. நான் குளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கலப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் இறங்குகிறேன். கண், காது, புண் எதிலாவது தொந்தரவு இருந்தால் போக மாட்டேன். பரிகாரம் என்று உடுத்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறவர்களைவிட, ஷாம்பு பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்துப் படியில் துப்புகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அந்தச் சின்னத் துண்டு ஈரக் காலில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும்.

இரண்டாவது ஆபத்து. நீச்சல் தெரியாமல், பழக்கமில்லாத துறையில் இறங்காதீர்கள். மணல் அள்ளின பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அணையில் தண்ணீர் திறந்தால் இழுப்பு கூடும். நான் ஆற்றைக் கும்பிட்டுக் கவிதை எழுதுகிற ஆள் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் இங்கேதான் இருந்தேன். கிழக்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. இங்கே ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலையே வெள்ளம் மூடிவிட்டது. வெள்ளத்தைக் கிழித்துவிட வேண்டும் என்றே தண்ணீர் வரும் பக்கத்தைப் படகு மாதிரி கூராகக் கட்டிய கோயில் அது. வெள்ளம் வரும்போதெல்லாம் உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாமியே இடம் மாறும்போது நமக்கென்ன வீறாப்பு? ஒரு மாதம் நான் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை. திரும்பப் போனபோது என் படிகளில் மூன்று, மண்ணுக்குள் போயிருந்தன.

மூன்றாவது, 'இருப்பதை வைத்துத் திருப்திப்படு' என்று ஏழைக்கு உபதேசமா என்பீர்கள். இல்லை. எனக்கு நகைக்கடன் இருக்கிறது. குளித்தால் வட்டி குறையாது. சம்பளம் கூட்டிக் கேட்டு முதலாளியிடம் போன மாதம்கூடப் பேசினேன். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு.

இப்போது உண்மையாகவே சொல்ல வந்த விஷயம். 2024 கோடையில் என் மச்சான் வந்திருந்தான். பெங்களூரில் வேலை. நான் தினமும் போவதைப் பார்த்துவிட்டு, "அத்தான், சூப்பர் பழக்கம். இத நூறு நாள் சவாலா வைப்போம்" என்று குடும்பத்தில் ஏழு பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்துவிட்டான். ஒருத்திக்கு நடை, ஒருத்தனுக்குப் புத்தகம், எனக்கு ஆறு. தினமும் காலை ஏழு மணிக்குள் நாள் எண் போட்டுப் புகைப்படம் அனுப்ப வேண்டும். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. கைதட்டல் பொம்மை எத்தனை விழுந்தது என்று கரையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்துப் பதினைந்து நாளில் என்னென்னவோ மாறிவிட்டது. இருட்டோடு போனால் படம் விழாது என்று அரை மணி நேரம் தள்ளிப் போனேன். போனை நம்பிக் கரையில் வைக்க முடியாது, அதனால் கண் முழுக்கக் கரையிலேயே இருக்கும். 37-ஆம் நாள் லேசாகக் காய்ச்சல். விட்டுப்போகக் கூடாதே என்று போய், ஒரு முங்கு, ஒரு படம், வீடு. மீன் வந்ததா என்றுகூடத் தெரியாது. படியில் ஏறும்போது, வழக்கமாக அங்கே துவைக்கிற பெரியவர் துணியை ஓங்கி அடித்துக்கொண்டே, "என்னவே, டூட்டிக்குக் கையெழுத்துப் போட வந்தீராக்கும்?" என்றார்.

சுருக்கென்றது. நாள் பூராவும் நான் செய்வது அதுதானே. மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. 3பி என்கிற வரிக் கணக்கு, அதற்கு முன்னால் விற்பனைக் கணக்கு, அதற்கும் முன்னால் பில் சரிபார்ப்பு. ஒன்று தவறினால் அபராதம். யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத ஒரே ஒரு முக்கால் மணி நேரம் எனக்கு இருந்தது. அதற்கும் ஒரு பேரேடு போட்டுவிட்டேன்.

குழுவை விட்டு வெளியே வந்தால் மச்சான் கோபித்துக்கொள்வான், வீட்டிலும் பேச்சு வரும். அதனால் ஒரு காரியம் செய்தேன். மறுநாளிலிருந்து போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன், வந்து பழைய படத்தையே நாள் எண் மாற்றி அனுப்பினேன். நான்கு நாள் ஒரே படம், ஒரே துண்டு, ஒரே வெயில். ஏழு பேரும் கைதட்டினார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. 50-ஐத் தாண்டியதும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அப்புறம் அந்தக் குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. மச்சான் இதைப் படித்தால் படிக்கட்டும்.

பெண்களுக்கு இதெல்லாம் முடியுமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பீர்கள். நியாயம். இருட்டில் தனியாக ஆற்றுக்குப் போய் வர எங்கள் வீட்டில் முடியாது, அவளுக்கும் விருப்பமில்லை. போன வருடம் ஒருநாள் சளி பிடித்து நான் ஆற்றுக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். அவள் இரண்டு தடவை வந்து, "இன்னிக்குப் போகலையா?" என்று கேட்டாள். அக்கறை என்று நினைத்தேன். மூன்றாம் தடவை கேட்டபோது விசாரித்தேன். நான் போனதும் விளக்கைப் போடாமல், பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பியை அவள் பாட்டுக்குக் குடிப்பாளாம். யாரும் கூப்பிட மாட்டார்கள், யாருக்கும் எதுவும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். "ஒரு நாளைக்கு எனக்குன்னு இருக்கது அந்த முக்கா மணி நேரந்தான்" என்றாள். மூன்று வருடத்துக்கு மேலாக அவளுடைய சந்தோஷம் நான் வீட்டில் இல்லாததுதான் என்பது எனக்குத் தெரியாது. மழையோ சளியோ, இப்போதெல்லாம் நான் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. குளிக்க முடியாத நாளில் டீக்கடையில் உட்கார்ந்து அணை மட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஆறில்லாத ஊரென்றால் என் பதில் உங்களுக்குப் பிரயோசனப்படாது, அதற்கு நான் என்ன செய்ய. ஆறுள்ள ஊரென்றால் மார்கழியில் ஒருநாள் போய்ப் பாருங்கள். காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மேலே லேசாகப் புகை மாதிரி ஓடும். ஜூனில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அதே துறையில் அப்படிச் சில்லென்று இருக்கும், குற்றாலத்துச் சாரல் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு வாரமாக வீட்டு மோட்டாரில் மறுபடி ஒரு மாதிரி இரைச்சல் கேட்கிறது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். காட்ட வேண்டும்.